ஜான் மார்ஷல் ஹார்லன்: தான் எதிர்த்த திருத்தங்களுக்காகத் தனியாக நின்ற நீதிபதி

கேள்வி: "தனித்தனி ரயில் பெட்டி வழக்கில் தனி ஒருவராக எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய அமெரிக்க நீதிபதி ஹார்லன், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் என்று படித்தேன். அவர் மனம் மாறியது உண்மையா, அல்லது பதவிக்காகவா? அந்த வழக்கின் நாயகர் பிளெஸ்ஸி என்ன ஆனார்?"

அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் மட்டுமல்ல, ஹார்லனே அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை முறையை ஒழித்த 13-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து கட்டாயப்படுத்தும் வரை அவர்களை அவர் விடுவிக்கவில்லை. அந்தத் திருத்தத்தை எதிர்த்து மேடையேறிப் பேசியும் இருக்கிறார். இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடினால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

மனம் மாறியது உண்மைதான் என்பது என் முடிவு. அந்த மாற்றத்தில் அரசியல் கணக்கும் கலந்திருந்தது, அதையும் மறுக்கத் தேவையில்லை. என்னைப் பெரிதும் கவர்வது வேறொன்று. தான் எதிர்த்த திருத்தங்கள் சாசனத்தில் ஏறிய பிறகு, அதில் எழுதியிருப்பதை எழுதியபடியே படித்தவர் அவர். அவற்றை வரவேற்ற வடமாநிலங்களிலிருந்து வந்த நீதிபதிகள் பலர் அப்படிப் படிக்கவில்லை.

ஹார்லன் 1833 ஜூன் 1 அன்று கெண்டக்கி மாநிலத்தில், டேன்வில் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஹார்லன் வழக்கறிஞர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் மாநில அட்டர்னி ஜெனரலாகவும் இருந்தவர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே முதுகெலும்பு கொடுத்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார். பலமான மத்திய அரசு வேண்டும், நாடு உடையக் கூடாது என்பது அந்த வீட்டின் அரசியல். அதே வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். கெண்டக்கியில் இந்த இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்தன.

அந்த வீட்டில் வளர்ந்த இன்னொருவர் ராபர்ட் ஹார்லன். ஜானைவிடப் பதினேழு வயது மூத்தவர், அடிமையாகப் பிறந்த கலப்பினத்தவர். ஆனால் ஜேம்ஸ் ஹார்லன் அவரைத் தன் பிள்ளைகளில் ஒருவரைப் போலவே நடத்தினார். பின்னாளில் ராபர்ட் விடுதலை பெற்று, கலிஃபோர்னியாவில் தங்க வேட்டைக் காலத்தில் பணம் சம்பாதித்து, சின்சினாட்டியில் குடியேறி, ஓஹாயோ சட்டமன்றத்துக்கும் தேர்வானார். இருவரும் ஒரே தந்தையின் பிள்ளைகளா என்பதில் ஆய்வாளர்களிடம் இன்றும் ஒத்த கருத்து இல்லை. இரத்த உறவு இருந்ததோ இல்லையோ, கறுப்பர் ஒருவர் எதையும் சாதிக்கக்கூடியவர் என்பதை ஹார்லன் சிறு வயதிலிருந்தே தன் வீட்டுக்குள் பார்த்திருக்கிறார். அவருடைய சக நீதிபதிகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு அனுபவம் வாய்த்திருக்கும்?

டேன்வில் சென்டர் கல்லூரியில் 1850-ல் பட்டம், டிரான்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சட்டம், 1853-ல் வழக்கறிஞர் பதிவு. 1856-ல் இண்டியானாவைச் சேர்ந்த மால்வினா ஷாங்க்ளினை மணந்தார். மால்வினாவின் பிறந்த வீட்டார் அடிமை முறையை வெறுத்தவர்கள். 1858-ல் ஃபிராங்க்ளின் கவுண்டி நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் போகும் முன் அவருக்கு இருந்த நீதிபதி அனுபவம் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் 67 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அந்தக் காலத்தில் கத்தோலிக்கரையும் குடியேறிகளையும் எதிர்த்த ஒரு கட்சியிலும் இருந்தார். பின்னாளில் அதற்காக வருந்தினார்.

1861-ல், நாட்டிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களோடு உள்நாட்டுப் போர் வந்தது. ஹார்லன் நாட்டு ஒற்றுமையின் பக்கம் நின்று, 10-ஆவது கெண்டக்கி காலாட்படையைத் திரட்டி அதன் கர்னலாகப் போரிட்டார். நாடு உடையக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் போர், அடிமைகளை விடுவிக்க அல்ல என்று அப்போது வெளிப்படையாகவே சொன்னார். 1863-ல் அப்பா இறந்ததும் படையை விட்டு வந்து, அதே ஆண்டு மாநில அட்டர்னி ஜெனரலானார். லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை எதிர்த்தார். 1864 தேர்தலில் லிங்கனுக்கு எதிராக மெக்லெல்லனுக்கு ஆதரவு தேடினார். கெண்டக்கி முழுவதுமே அப்படித்தான் இருந்தது. அந்த மாநிலம் 13-ஆவது திருத்தத்துக்கு முறைப்படி ஒப்புதல் கொடுத்த ஆண்டு 1976. அச்சுப் பிழையல்ல, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறுதான்.

மாற்றம் 1865-க்கும் 1871-க்கும் இடையில் நடந்தது. அவர் நின்ற நடுவழிக் கட்சி அரசியல் கரைந்துபோனது. ஒரு பக்கம் முன்னாள் கலகக்காரர்கள் கைக்குப் போன ஜனநாயகக் கட்சி, மறு பக்கம் குடியரசுக் கட்சி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதே சமயம், விடுதலை பெற்ற கறுப்பர்களை, கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல்கள் கெண்டக்கி கிராமங்களில் அடித்தும் கொன்றும் வந்தன. சாட்சி சொல்லக்கூட ஆளில்லாமல் வழக்குகள் செத்துப்போயின. அந்தக் கும்பல்கள்மீது துணிந்து வழக்கு நடத்திய மத்திய அரசு வழக்கறிஞர் பெஞ்சமின் பிரிஸ்டோ. பிறகு ஹார்லனோடு சேர்ந்து தொழில் நடத்தியவர். சட்டம் ஒருவரைக் காப்பாற்றாமல் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹார்லன் தன் சொந்த மாநிலத்திலேயே பார்த்தார்.

1868 வாக்கில் அவர் குடியரசுக் கட்சிக்கு வந்துவிட்டார். 1871-ல் அந்தக் கட்சியின் கவர்னர் வேட்பாளராக ஊர் ஊராகப் போனபோது, அவருடைய பழைய பேச்சுகளையே எதிரிகள் படித்துக் காட்டினார்கள். அவர் மழுப்பவில்லை. அடிமை முறை ஒழிந்ததில் தன்னைவிட மகிழ்பவர் யாரும் இல்லை என்றார். "முன்னுக்குப் பின் முரணில்லாதவன் என்று சொல்வதைவிட, சரியான பக்கம் நிற்கிறவன் என்று என்னைச் சொல்லட்டும்" என்ற பொருளில் அவர் பேசிய பேச்சு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தத் தேர்தலில் தோற்றார். 1875-ல் மறுபடி நின்று மறுபடி தோற்றார். பதவிக்காக மாறினார் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கெண்டக்கியில் பதவி வேண்டுமென்றால் போகவேண்டிய கட்சி அதுவல்ல.

ஆனால் அந்தக் கட்சிதான் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துப் போனது என்பதும் உண்மை. 1876-ல் சின்சினாட்டியில் நடந்த கட்சி மாநாட்டில் கெண்டக்கிப் பிரதிநிதிகளை பிரிஸ்டோவுக்காக வழிநடத்திய ஹார்லன், முக்கியமான கட்டத்தில் அவர்களை ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் பக்கம் திருப்பினார். ஹேய்ஸ் ஜனாதிபதியானார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் காலியான இடம் ஹார்லனுக்குக் கிடைத்தது. இவர் திடீர்க் குடியரசுக் கட்சிக்காரர் என்று செனட்டில் சந்தேகம் கிளம்பினாலும் ஒப்புதல் வந்தது. 1877 டிசம்பரில் பதவியேற்றபோது அவருக்கு வயது 44. 1911 அக்டோபர் 14 அன்று இறக்கும் வரை, கிட்டத்தட்ட 34 ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தார்.

எல்லோரும் பேசுவது 1896-ல் தீர்ப்பான பிளெஸ்ஸியின் ரயில் பெட்டி வழக்கை. என்னைக் கேட்டால், ஹார்லனின் உண்மையான உழைப்பு 1883-ல் எழுதியதில்தான் இருக்கிறது.

1875-ல் நாடாளுமன்றம் ஒரு குடிமை உரிமைகள் சட்டம் கொண்டுவந்தது. விடுதி, நாடகக் கொட்டகை, ரயில், படகு ஆகியவற்றில் நிறத்தைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்றது அது. கான்சாஸ், கலிஃபோர்னியா, மிசூரி, நியூயார்க், டென்னசி ஆகிய ஐந்து மாநிலங்களிலிருந்து வழக்குகள் வந்தன. ஒருவருக்கு விடுதியில் அறை மறுக்கப்பட்டது, இன்னொருவருக்கு நாடகக் கொட்டகையில் இருக்கை. டென்னசியில் ஒரு பெண்ணைப் பெண்கள் பெட்டியில் ஏற விடவில்லை. இவற்றைச் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம் 1883 அக்டோபரில் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை உறுதி செய்த 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் செய்யும் பாகுபாட்டை நாடாளுமன்றம் தொட முடியாது என்று நீதிபதி ஜோசப் பிராட்லி எழுதினார். எட்டுப் பேர் ஒரு பக்கம், ஹார்லன் மட்டும் மறு பக்கம். அந்த எட்டில் ஏழு பேர் வட, மேற்கு மாநிலங்களிலிருந்து நியமிக்கப்பட்டவர்கள்.

ஹார்லன் எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டார், ஆனால் அதற்கான தீர்ப்பை எழுத முடியவில்லை. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, நள்ளிரவில் எழுந்து குறிப்பெடுத்துத் தவித்தார் என்று மால்வினா தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் ஒரு பழைய மைக்கூடு இருந்தது. கறுப்பர்கள் குடிமக்களே அல்ல என்று 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டானியின் மைக்கூடு அது. டானியின் உறவுப் பெண் ஒருவருக்கு அதைத் தருவதாக ஹார்லன் வாக்குக் கொடுத்திருந்தார்; கொடுக்க மனமில்லாமல் மால்வினா ஒளித்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தேவாலயத்துக்குப் போனதும், அதை வெளியே எடுத்துத் துடைத்து மை ஊற்றி அவர் மேசையில் வைத்தார். திரும்பி வந்து அதைப் பார்த்த ஹார்லனின் பேனா அதன் பிறகு ஓடத் தொடங்கியதாம். மனைவி சொல்லும் கதைதானே என்று ஒதுக்கிவிடலாம். ஹார்லன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் படித்தவர்கள் ஒதுக்க மாட்டார்கள், ஏனென்றால் அதன் அடித்தளமே டானியின் காலத்துச் சட்டம்தான்.

அந்த வாதத்தைச் சற்று விளக்குகிறேன். பழைய சாசனப்படி, ஓடிப்போன அடிமையைத் திருப்பிப் பிடிப்பது எஜமானரின் உரிமை. அந்த உரிமையைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. குறுக்கே நின்ற தனியாரைத் தண்டித்தது. 1842-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அப்படியானால், எஜமானரின் உரிமைக்காகத் தனியார்மீது கை வைக்க நாடாளுமன்றத்துக்கு அன்று இருந்த அதிகாரம், விடுதலை பெற்றவரின் உரிமைக்காக இன்று இல்லாமல் போனது எப்படி? இதுதான் ஹார்லனின் கேள்வி. பெரும்பான்மைத் தீர்ப்பில் இதற்கு நேரான பதில் கிடையாது. அடுத்து, ரயில் என்பது பொதுச் சாலை. மாநிலம் கொடுத்த அதிகாரத்தால் ஓடுவது. விடுதிக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் இடம் தரக் கடமைப்பட்டவர் என்பது இங்கிலாந்துப் பொதுச் சட்டக் காலத்திலிருந்தே உள்ளது. நாடகக் கொட்டகைக்கு உரிமம் கொடுப்பதே அரசு. இவற்றையெல்லாம் வெறும் 'தனியார்' என்று எப்படிச் சொல்வது? அப்புறம், 13-ஆவது திருத்தம் சங்கிலியை மட்டுமா அறுத்தது? அடிமைத்தனத்தின் அடையாளங்களையும் சேர்த்துத்தானே?

கறுப்பர்கள் ஒரு கட்டத்தில் 'சட்டத்தின் செல்லப்பிள்ளை'களாக இருப்பதை விட்டுவிட்டு வெறும் குடிமக்களாக மாறித்தான் ஆக வேண்டும் என்று பிராட்லி எழுதியிருந்தார். அடிமை முறை ஒழிந்து அப்போது பதினெட்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அவர்களைச் சட்டத்தின் செல்லப்பிள்ளைகள் என்று சொல்வது நியாயமாகாது, வெள்ளையருக்கு ஏற்கெனவே கொடுத்ததைத்தான் அவர்களுக்கும் கொடுக்க நாடாளுமன்றம் முயன்றது என்று ஹார்லன் பதில் எழுதினார். திருத்தங்களின் சாரத்தையும் உயிரையும் நுணுக்கமான சொல் வித்தையால் பலிகொடுத்துவிட்டார்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. ஒரு காலத்தில் அடிமையாக இருந்த பிரெடரிக் டக்ளஸ் ஹார்லனின் இந்த மாறுபட்ட தீர்ப்பை மனமாரப் பாராட்டினார்.

சரி, பிளெஸ்ஸி வழக்குக்கு வருவோம். லூசியானா மாநிலம் 1890-ல் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி ரயில் பெட்டிகளைக் கட்டாயமாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின, கலப்பின மக்கள் குழு ஒன்று அதை நீதிமன்றத்தில் உடைக்கத் திட்டமிட்டது. எட்டில் ஒரு பங்கு மட்டுமே கறுப்பின வம்சாவளி கொண்ட, பார்வைக்கு வெள்ளையராகவே தெரிந்த ஹோமர் பிளெஸ்ஸி 1892 ஜூன் 7 அன்று முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். கைது செய்ய வந்த தனியார் துப்பறிவாளரை ஏற்பாடு செய்ததே அந்தக் குழுதான். ரயில் கம்பெனிக்கும் முன்கூட்டியே தெரியும். கூடுதல் பெட்டி இழுப்பது அவர்களுக்கும் வீண் செலவு.

1896 மே 18 அன்று தீர்ப்பு வந்தது. ஏழுக்கு ஒன்று, ஒரு நீதிபதி கலந்துகொள்ளவில்லை. மசாசூசெட்ஸில் பிறந்த ஹென்றி பில்லிங்ஸ் பிரவுன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, பிரித்து வைப்பது தாழ்த்துவது ஆகாது, அப்படி உணர்ந்தால் அது கறுப்பர்களே கொடுத்துக்கொள்ளும் அர்த்தம் என்றது. ஹார்லன் மட்டும் உண்மையைப் பேசினார். இந்தச் சட்டம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், கறுப்பர் பெட்டியிலிருந்து வெள்ளையரை விலக்கவா போட்டார்கள்? 'சமம்' என்ற மெல்லிய முகமூடி யாரையும் ஏமாற்றாது, இன்று செய்த அநீதிக்கு அது ஈடாகவும் ஆகாது என்று எழுதினார். நமது சாசனம் நிறம் பார்ப்பதில்லை, குடிமக்களுக்குள் வகுப்புகளை அது அறியவும் இல்லை, பொறுத்துக்கொள்ளவும் இல்லை என்ற புகழ்பெற்ற வரி இதில்தான் வருகிறது. இந்தத் தீர்ப்பு காலப்போக்கில் டிரெட் ஸ்காட் தீர்ப்பைப் போலவே கேடு விளைவிக்கும் என்றும் எச்சரித்தார். 58 ஆண்டுகள் கழித்து, 1954-ல் பள்ளிகளைப் பற்றிய பிரவுன் வழக்கில் (இந்தப் பிரவுன் வேறு, அந்த நீதிபதி அல்ல), பிரித்து வைத்தாலே அது சமமின்மைதான் என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். பிளெஸ்ஸி வழக்கில் எழுதிய அதே மாறுபட்ட தீர்ப்பில், நிறம் பார்ப்பதில்லை என்ற அந்த வரிக்குச் சற்று முன்னால், வெள்ளை இனமே இந்த நாட்டில் மேலோங்கிய இனம், என்றும் அப்படியே இருக்கும் என்று ஹார்லன் எழுதியிருக்கிறார். சில பத்திகள் தள்ளி, குடியுரிமை பெறவே அனுமதிக்கப்படாத அளவுக்கு வேறுபட்ட இனம் என்று சீனர்களைக் குறிப்பிட்டு, அவர்கள் உட்காரக்கூடிய பெட்டியில் கறுப்பினக் குடிமகன் உட்கார முடியாதா என்கிறார். ஒரு இனத்துக்கு நியாயம் கேட்க இன்னொரு இனத்தைக் கீழே தள்ளும் வாதம் இது. 1898-ல் அமெரிக்க மண்ணில் பிறந்த சீனப் பெற்றோரின் மகன் வோங் கிம் ஆர்க் குடிமகனே என்று நீதிமன்றம் சொன்னபோது, எதிர்த்த இருவரில் ஹார்லனும் ஒருவர். 1899-ல் ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு கவுண்டி, கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டு வெள்ளையர் பள்ளியை மட்டும் நடத்தியது. அதில் தலையிட மறுத்த ஒருமனதான தீர்ப்பை எழுதியதே ஹார்லன்தான். நான் பலமுறை படித்தும் இதற்குச் சமாதானம் கண்டுபிடிக்கவில்லை, தேடவும் விரும்பவில்லை. சாசனத் திருத்தம் யாருக்காக எழுதப்பட்டது என்று அவர் நம்பினாரோ, அந்த எல்லைக்குள் மட்டுமே அவர் கண் தெளிவாக இருந்தது. அதற்குள்ளும் ஒருமுறை தவறினார்.

மற்றபடி அவருடைய மாறுபட்ட தீர்ப்புகளின் பட்டியல் நீளமானது. 1895-ல் வருமான வரி செல்லாது என்றபோது எதிர்த்தார்; 1913-ல் திருத்தம் கொண்டுவந்து நாடு அவர் பக்கம் வந்தது. பேக்கரித் தொழிலாளர் வேலை நேரத்தை வாரத்துக்கு 60 மணியாக வரையறுத்த நியூயார்க் சட்டத்தை 1905-ல் நீதிமன்றம் செல்லாது என்றபோதும் எதிர்த்தார். போர்ட்டோ ரிக்கோ போல வென்றெடுத்த பகுதிகளைச் சாசனம் முழுமையாகப் பொருந்தாத வெறும் குடியேற்றங்களாக வைத்துக்கொள்வது இந்த அரசின் உயிருக்கே முரண் என்று 1901-ல் எழுதினார். கெண்டக்கியின் பெரியா கல்லூரியில் வெள்ளையரும் கறுப்பரும் விரும்பிச் சேர்ந்து படித்ததை அவருடைய மாநிலமே தடை செய்தது. 1908-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்றபோதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அரசியல் சாசனத்தின் மேல் ஒரு கையும் பைபிளின் மேல் ஒரு கையும் வைத்துத் தூங்குகிறவர் ஹார்லன் என்று சக நீதிபதி டேவிட் புரூவர் அன்போடு கேலி செய்வாராம். பிரெஸ்பிட்டேரியன் சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பும், பல்கலைக்கழகத்தில் சட்ட வகுப்பும் பல ஆண்டுகள் எடுத்தவர். ஆகவே அந்தக் கேலி பொருத்தமாகவே ஒட்டிக்கொண்டது.

அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியாது. 1906-ல் டென்னசியின் சட்டனூகா நகரில் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞருக்கு, அவசரமாக நடந்த விசாரணையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நோவா பார்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாஷிங்டனுக்கு ரயிலேறி, அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான ஹார்லனை நேரில் சந்தித்து முறையிட்டார். ஹார்லன் மேல்முறையீட்டை அனுமதித்தார். உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது. அன்று இரவே, மார்ச் 19-ல், ஒரு கும்பல் சிறையை உடைத்து ஜான்சனை இழுத்துப்போய் ஆற்றுப் பாலத்தில் தொங்கவிட்டுச் சுட்டுக் கொன்றது. நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. காவல் காக்காமல் விட்ட ஷெரிஃப் ஷிப்பையும் சிலரையும் தானே விசாரித்து 1909-ல் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அமெரிக்க உச்ச நீதிமன்ற வரலாற்றில் அது தானே நடத்திய ஒரே குற்ற விசாரணை அதுதான். ஷெரிஃபுக்குக் கிடைத்தது 90 நாள் சிறை. பார்டன் அந்த ஊருக்குத் திரும்பிப் போய் வாழ முடியவில்லை. ஜான்சன் மீதான தீர்ப்பை 2000-ஆம் ஆண்டில்தான் உள்ளூர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஹார்லன் வாஷிங்டனில் ராக் கிரீக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய பெயரையே கொண்ட பேரன் 1955-ல் அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியானார்.

பிளெஸ்ஸி என்ன ஆனார் என்று கேட்டிருந்தீர்கள். 1897 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 டாலர் அபராதம் கட்டினார். 1925-ல் இறக்கும் வரை, பின்னும் பல ஆண்டுகள், அந்தக் குற்றம் அவர் பெயரிலேயே இருந்தது. 2022 ஜனவரியில் லூசியானா கவர்னர் அவருக்கு மன்னிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். அவர் கைதான இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த நிகழ்ச்சி நடந்தது. அதன் தொடக்கத்தில் செல்லோ வாசித்தவர் ஹார்லனின் வழித்தோன்றல் ஒருவர்.